பிள்ளைக்குத் தமிழ் வேண்டுமா, முதலில் நூலக அட்டை எடுங்கள்

சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்றே விஷயம்தான்: வாடகை எவ்வளவு, எந்தப் பள்ளி நல்லது, தமிழுக்கு எந்த டியூஷன். மூன்றாவது கேள்விக்கு நான் பொது நூலகம் என்று பதில் சொல்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சரி, டியூஷன் நம்பர் இருந்தால் அனுப்புங்கள் என்கிறார்கள். வாயால் சொன்னால் எடுபடவில்லை என்பதால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். தேசிய நூலக வாரியத்தின் பொது நூலகங்களைப் பற்றிய மதிப்புரை இது, அதிலும் முக்கியமாகத் தமிழ் அடுக்குகளைப் பற்றி. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு ஐந்து. ஏன் என்று சொல்வதற்கு எங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் வேண்டும்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். 2018இல் இங்கே வந்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது, ஊரில் இருந்தவரை வாய் ஓயாத பிள்ளை, ஆச்சியிடம் எதிர்க்கதை சொல்லிக்கொண்டே சோறு தின்பவள். பாலர் பள்ளியில் சேர்த்து ஆறு மாதத்தில் ஆங்கிலம் தண்ணீராக வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, அந்தப் பெருமையில் தமிழ் கழன்றுகொண்டே வந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஆச்சி "சாப்ட்டியா தங்கம்?" என்று கேட்டாள். இவள் பள்ளியில் நடந்த சண்டை, சமாதானம், யாரோ கொடுத்த ஸ்டிக்கர் என்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசி முடித்தாள். ஆச்சி சிரித்த முகம் மாறாமல் முழுவதையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, புள்ள என்ன சொல்லுதா?" என்றாள். நான் பெற்றவள் பேசியதை என்னைப் பெற்றவளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

அப்புறம் நான் செய்ததெல்லாம் எல்லாப் பெற்றோரும் செய்வதுதான். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் முப்பது கிலோ பெட்டியில் ஏழெட்டு கிலோவுக்குக் குழந்தைகள் புத்தகமாக அடைத்துக்கொண்டு வந்தேன். நான் சின்ன வயதில் படித்த மாதிரியான கதைகள், ஆற்றங்கரை, ஆலமரம், மாட்டு வண்டி எல்லாம் இருக்கும். மகள் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவே மாட்டாள். திண்ணை என்றால் என்ன, வாய்க்கால் என்றால் என்ன, களத்துமேடு என்றால் என்ன என்று கேட்பாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் கொடுத்த விளக்கம் கதையைவிட நீளமாக இருந்தது. பிள்ளைக்குச் சலிப்பு, எனக்கு எரிச்சல். புத்தகம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

பிறகு ஒரு டியூஷன் நிலையம். பெயர் வேண்டாம், நோக்கம் அதுவல்ல. நான்கு வயதுப் பிள்ளைக்கு ல, ள, ழ எழுதித் தேய்க்கிற பயிற்சித்தாள், பக்கத்து அறையில் பெரிய பிள்ளைகள் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது கேட்கும். சனிக்கிழமை காலையானால் மகளுக்கு வயிற்று வலி வந்துவிடும். முதலில் நடிப்பு என்று அதட்டினேன். நான்காவது மாதம், வாசலில் செருப்பு மாட்டும்போதே அவள் கண் கலங்கியதைப் பார்த்து நிறுத்திவிட்டோம். ஒரு மொழியைப் பார்த்தாலே பிள்ளைக்கு வயிறு வலிக்கிற மாதிரி பழக்கிவிட்டோமே என்று இப்போதும் எனக்கு வருத்தம் உண்டு.

நூலகத்துக்குப் போனது திட்டமிட்டு அல்ல. அப்போது செங்காங்கில் குடியிருந்தோம். கம்பஸ் ஒன் கடைத்தொகுதியில் கணவருக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, மேலே நூலகம் இருந்ததால் ஏறிப் போனோம். மகள் பிள்ளைகள் பகுதிக்கு ஓடினாள், நான் பின்னால் போய் அடுக்குகளைப் பார்த்தேன். சீனம், மலாய் எல்லாம் இருக்கிற வரிசையில் தமிழும் இருந்தது. அட்டையில் படம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு புத்தகத்தை உருவிக் கொடுத்தேன். திறந்ததும் அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது: "அம்மா, இது நம்ம ப்ளாக்!"

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி, கீழ்த்தளம், தூணைச் சுற்றி ஓடுகிற பிள்ளைகள், வெளியே நீட்டிய மூங்கில் கழியில் காயும் துணி. வேறு எங்கோ அல்ல, அவள் தினமும் பார்க்கிற அதே இடம். ஒரு சொல்லில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். மி, ன், தூ, க், கி. மின்தூக்கி. எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. ஊரில் லிஃப்ட் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மகள் படத்தைப் பார்த்து எனக்கு விளக்கினாள்: "லிஃப்ட்மா! மேல தூக்குதுல்ல!" தமிழில் ஒரு சொல்லுக்கு அவள் எனக்குப் பொருள் சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். தன் கால் பதிந்த இடம் ஒரு மொழிக்குள் இருந்தால்தான் பிள்ளை அந்த மொழிக்குள் வருகிறது. நான் என் ஊரைத் தூக்கி அவள் கையில் கொடுக்கப் பார்த்தேன். அது என் ஏக்கம், அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. அவளுடைய ஊர் இது. இந்த ஊருக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. மின்தூக்கி, மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, உணவங்காடி, பேரங்காடி, விரைவுச்சாலை என்று அது பேசும். அந்தத் தமிழில் எழுதிய புத்தகங்கள் நூலகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, எடுத்துப் போகக் காசு வாங்குவதில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் கட்டணம் கிடையாது. வெளிநாட்டினருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. நாங்கள் நிரந்தரவாசி ஆகும்வரை அதைக் கட்டினோம், எங்கள் ஒரு மாத டியூஷன் கட்டணத்தைவிட அது குறைவு, அதனால் அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். ஓர் அட்டைக்கு 16 புத்தகம், 21 நாள். தேவைப்பட்டால் கைப்பேசிச் செயலியிலேயே தவணையை நீட்டிக்கலாம். நான்கு பேர் உள்ள வீடு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஈரச்சந்தைக்கு எடுத்துப் போகிற தள்ளுவண்டிப் பைதான் எங்களுக்கு நூலகப் பையும். இரவல் எடுக்க வரிசையில் நிற்க வேண்டாம், இயந்திரத்தில் புத்தகத்தை வைத்தால் போதும். எடுத்த நூலகத்திலேயே திருப்ப வேண்டும் என்றும் இல்லை. பொங்கோலில் எடுத்ததை விவோசிட்டி நூலகத்தில் போட்டிருக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். தாமதமானால் அபராதம் உண்டு, செயலியில் நினைவூட்டலைப் போட்டு வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கான தமிழ்க் கதை நேரம் எந்தக் கிளையில் என்றைக்கு என்பது மாறும், செயலியில் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நாங்கள் போன முதல் தடவை கதை சொன்ன அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மகளுக்கு ஏதாவது புரியாமல் போய்விடுமோ என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் காதில் ஆங்கிலத்தில் ஓதிக்கொண்டிருந்தேன். கதை முடிந்ததும் அந்த அக்கா என்னிடம் வந்து, "கதைக்கு நடுவுல அர்த்தம் சொல்லாதீங்கம்மா, வேணும்னா பிள்ளையே கேக்கும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அதைக் கடைப்பிடிக்கிறேன். புரியாத சொல் நான்கைந்து இருந்தாலும் கதை அவளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்றாவது தடவை படிக்கும்போது அந்தச் சொல்லும் தானே புரிந்துவிடுகிறது. எந்தப் பயிற்சித்தாளும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை.

2020இல் கிருமிப் பரவலைத் தடுக்க ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாம் அடைபட்டபோது நூலகங்களும் மூடின. வீட்டுக்குள்ளேயே நாங்கள் மூன்று பேர், கணவருக்கு அறைக்குள் வேலை, எனக்கு ஊரை நினைத்துப் பயம். அப்போதுதான் மின்னூல் பக்கம் போனோம். நூலக வாரியச் செயலியில் தமிழ் மின்னூல்களும் உண்டு. தினமும் இரவு எட்டு மணிக்கு ஊரில் ஐந்தரை மணி, ஆச்சி காப்பி குடித்து முடித்திருப்பாள். மகள் கைப்பேசியில் ஒரு படக்கதையைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு கைப்பேசியில் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவாள். திக்கித் திக்கித்தான் வரும். ஆச்சி எந்த இடத்திலும் திருத்த மாட்டாள், "பெறவு?" என்பாள், அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்காக இவள் பக்கம் பக்கமாக வாசித்தாள். ஒரு நாள் கதையில் ஒரு பையன் ரெண்டு வெள்ளி கொடுத்து ஐஸ்கிரீம் வாங்குவான். "வெள்ளியக் குடுத்தா ஐசு வாங்குதான்? கொலுசா குடுத்தான்?" என்று ஆச்சி பதற, சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்போம் என்று மகள் விளக்க, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அறைக்குள் இருந்த கணவர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார். என் மொழிபெயர்ப்பு வேலை அந்த இரண்டு மாதத்தில் முடிந்துபோனது.

2022இல் மகள் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்தாள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இருக்காது. இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் சொல்லித்தரும் வேறு நிலையத்துக்குப் போய்ப் படிப்பார்கள். தொடக்கநிலை ஆறில் எழுதும் பள்ளியிறுதித் தேர்வின் நான்கு பாடங்களில் தாய்மொழியும் ஒன்று. அதில் வாய்மொழித் தேர்வு உண்டு, ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச வேண்டும். பேருந்தில் பெரியவருக்கு இடம் கொடுப்பது, உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைப்பது, இந்த மாதிரி அன்றாடக் காட்சிகளைப் பற்றிப் பேசத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது சுலபம். மனப்பாடக் கட்டுரை அங்கே கைகொடுக்காது. நூலகத்தில் இருக்கும் உள்ளூர்க் கதைகள் முழுக்க இப்படிப்பட்ட காட்சிகள்தான். தேர்வுக்காக நான் இதைத் தொடங்கவில்லை, ஆனால் டியூஷனா நூலகமா என்று கேட்கிற பெற்றோருக்கு இந்தப் பதிலும் தேவைப்படுகிறது.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, பத்து வருடத்துக்கு முன்பு அது 3.3. அரசாங்கம் தன் பங்குக்குச் செய்கிறது, ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கம் நடத்தும் தமிழ்மொழி விழா இருக்கிறது, தமிழ் நாளிதழும் தமிழ் வானொலியும் தமிழ்த் தொலைக்காட்சியும் இருக்கின்றன. ஆனாலும் வீட்டுக்குள் எந்த மொழி பேசுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அந்த 2.5இல் எங்கள் வீடும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மகன் 2021இல் இங்கேயே பிறந்தான். 2023இல் பொங்கோல் வட்டார நூலகம் திறந்ததும் எங்கள் ஜாகை அங்கே மாறிவிட்டது. அதே வட்டாரத்திலிருந்து நடந்தே வருகிற தாத்தா பாட்டிகள் நிறையப் பேரை அங்கே பார்க்கலாம். பள்ளி விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் பிள்ளைகள் பகுதி நிரம்பி வழியும், கைக்குழந்தையோடு போகிறவர்கள் வாரநாள் காலையில் போங்கள், தரையில் காலை நீட்டி உட்கார இடம் கிடைக்கும். மூத்தவளுக்கு நான் செய்த தப்பை இவனுக்குச் செய்யவில்லை. இவனே அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்து இழுத்துப் போடட்டும் என்று விட்டுவிடுகிறேன். பத்துப் புத்தகம் இழுத்தால் எட்டில் பேருந்தோ ரயிலோ இருக்கும். இருக்கட்டும்.

விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2005இல் திறந்தது, 16 மாடி, பூகிஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நிலத்தடித் தளத்தில் இரவல் தரும் மத்திய பொது நூலகம் இருக்கிறது, பிள்ளைகளை அங்கே விட்டால் மதியம்வரை கவலையில்லை. ஏழாம் தளத்திலிருந்து லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். அங்குள்ள புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வர முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். மகளின் பள்ளி வேலைக்காகத் துணைக்குப் போன நான் எனக்காகத் திரும்பத் திரும்பப் போகத் தொடங்கினேன்.

அதுவரை எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, யாரிடமும் வெளியே சொன்னதில்லை. அசல் தமிழ் ஊரில் இருக்கிறது, இங்கே கிடைப்பது கொஞ்சம் நீர்த்தது, பரவாயில்லை, பிள்ளைக்கு இதாவது இருக்கட்டும் என்று. அங்கே உட்கார்ந்து படிக்கப் படிக்க அந்த எண்ணம் கரைந்தது. இந்த ஊரில் 1887இலேயே சிங்கை நேசன் என்று ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வந்திருக்கிறது. கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியது 1935இல், இன்றும் அது நாளிதழாக வருகிறது. அதன் பழைய இதழ்களை நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் வீட்டிலிருந்தே புரட்டலாம். 1965 முதல் 2015 வரை இங்கே வந்த தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகத்தினரும் வாரியமும் சேர்ந்து மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறார்கள், அதையும் இலவசமாகப் படிக்கலாம். என் ஆச்சிக்கு ஆச்சி பிறப்பதற்கு முன்பே இங்கே தமிழில் அச்சுக் கோத்திருக்கிறார்கள். என் மகளிடம் இருப்பது என் தமிழின் மிச்சம் அல்ல. அவள் வேறொரு தமிழின் வரிசையில் போய் நிற்கிறாள், எனக்கு முன்பே நீண்டு கிடந்த வரிசை அது. இதை உணர்ந்த நாளிலிருந்து அவள் 'மின்தூக்கி' என்றால் நானும் மின்தூக்கி என்கிறேன்.

எதிர்பார்ப்பை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நாம் காப்பிக்கடையில் உட்கார்ந்தால், பிள்ளை நேராக ஆங்கில அடுக்குக்குத்தான் போகும், அது இயல்பு. ஆங்கில அடுக்கு பெரியது, பளபளப்பானது. தமிழ் அடுக்கின் முன்னால் பெரியவர்கள் ஒருவர் தரையில் உட்கார வேண்டும், அப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் கணவர் வாசித்த புத்தகங்களைத்தான் மகன் மறுபடி மறுபடி கேட்கிறான். அப்புறம், நான்கு ஆங்கிலத்துக்கு ஒரு தமிழ் என்று தொடங்கினால் போதும். நான் முதல் வாரமே பையை முழுக்கத் தமிழால் நிரப்பி, பாதியைத் திறக்காமலேயே திருப்பினேன். பிள்ளை ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் தடுக்காதீர்கள். ஊர்க் கதைகளையும் விட்டுவிட வேண்டாம். என் கட்டிலடிப் புத்தகங்களை மகள் ஒன்பது வயதில் தானாகவே எடுத்துத் தூசி தட்டினாள். மொழிக்குள் கால் ஊன்றிய பிறகு திண்ணையும் வாய்க்காலும் அவளுக்குச் சுவாரசியமாகிவிட்டன. "ஆச்சி வீட்டுல திண்ணை இருக்காம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

கடந்த ஜூன் விடுமுறைக்கு ஆச்சி வந்திருந்தாள். மெரீனா பே, பறவைப் பூங்கா என்று பட்டியல் போட்டு வைத்திருந்தோம், ஆச்சிக்கு முழங்கால் வலி, இரண்டாம் நாளே போதும் என்றுவிட்டாள். மகள்தான் நூலகத்துக்குக் கூட்டிப் போனாள். வாசலில் நான்கு மொழியிலும் எழுதியிருந்ததில் தமிழைத் தேடிப் படித்துவிட்டு உள்ளே வந்தாள் ஆச்சி. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், கோயில் சுவரும் கல்யாணப் பத்திரிகையும் தவிர வேறெதையும் அவள் வாசித்து நான் பார்த்ததில்லை. பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு படக்கதையை உரக்க வாசிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த சீனப் பிள்ளை ஒன்றும் வந்து படம் பார்த்தது. 'மின்தூக்கி' வந்த இடத்தில் நின்றாள். "இது என்னட்டி?" என்று கேட்டாள், என்னிடம் அல்ல, பேத்தியிடம். மகள் கையைப் பிடித்து எழுப்பி, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த மின்தூக்கியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, பொத்தானை அமுக்கிக் காட்டினாள்.

ஆச்சி பெயரில் அட்டை கிடையாது. மகள் தன் அட்டையில் ஆச்சிக்காக இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தாள், பெரிய எழுத்தாகப் பார்த்து. 21 நாள் தவணை. ஆச்சியின் திருச்சி விமானம் இருபதாம் நாள். இரண்டையும் முடித்துவிட்டுத்தான் பெட்டி கட்டினாள்.